உண்டு என்ற பொத்தான்

1

ஹைதராபாத்தை யாரும் வெளிநாடு என்று ஒத்துக்கொள்வதில்லை. பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம். நாகர்கோவிலில் ரயில் ஏறி உட்கார்ந்தால் காச்சிகுடாவில் இறங்கி ஆட்டோக்காரரோடு சண்டை போடலாம். ஆனால் நான் ஊருக்கு வரும்போதெல்லாம் நீங்கள் கேட்கிற கேள்வி இரண்டுதான்: எப்போ வந்தே, எப்போ போவே. வெளிநாட்டுக்காரனிடம் கேட்கிற கேள்விதானே இது? அந்த உரிமையில் எழுதுகிறேன்.

என் பிழைப்பு பில் போடும் மென்பொருள் எழுதுவது. மருந்துக்கடை, பாத்திரக்கடை, டைல்ஸ் கடை என்று வாடிக்கையாளர்கள். போனில் ஓடுகிற ரகமில்லை. கடை மேசையில் இருக்கும் கம்ப்யூட்டரில் நிறுவி, ஐகானை இரண்டு தட்டு தட்டினால் திறக்கிற பழைய ரகம். குகட்பள்ளியிலிருந்து காலையிலேயே போன் வரும். 'சார், ஓப்பன் அவட்லேது.' திறக்கவில்லையாம். திரையில் என்ன செய்தி வந்தது என்று கேட்டால், 'ஏதோ ஒச்சிந்தி சார், ஓகே கொட்டேசினா' என்பார்கள். ஏதோ வந்தது, ஓகே அடித்துவிட்டேன் என்று அர்த்தம். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து நான் தொண்டை வற்றக் கத்துவது இதற்குத்தான். ஐயா, வந்த செய்தியைப் படியுங்கள். படிக்காமல் ஓகே அடிக்காதீர்கள். என்ன கோளாறு என்று அது சொல்லத்தானே வந்தது?

போன மாதம் என் மனைவி ஸ்டெல்லா இறந்து ஒரு வருஷம் முடிந்தது. ஹப்சிகுடா வீட்டிலேயே ஒரு ஜெபம் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருந்தோம். அதற்கு முந்தின சனிக்கிழமை மகள் ஷைனி என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

'டாடி, அம்மா வாய்ஸ் உன்ன ப்ரோக்ராம் உந்தி கதா? நா சின்னப்புடு சேசிந்தி. அதி ப்ரேயர்ல பெடதாம்.'

சின்ன வயதில் அவளுக்காகச் செய்த புரோகிராம் ஒன்று உண்டு. அதில் அம்மாவின் குரல் இருக்கிறது. அதை ஜெபத்தில் போடலாம் என்கிறாள். நாங்கள் பேசுவது இப்படித்தான். நான் தமிழில் கேட்பேன், அவள் தெலுங்கில் பதில் சொல்வாள். இரண்டு பக்கமும் புரியும். புரியாமல் போகிற இடத்தில் ஸ்டெல்லா நடுவில் புகுந்து சரி செய்துவிடுவாள். இப்போது நடுவில் ஆளில்லை.

போனில் ஸ்டெல்லாவின் வீடியோக்கள் இல்லாமல் இல்லை. ஆனால் கேமராவைக் கண்டால் அவள் வாயை மூடிக்கொண்டு சிரிக்க மட்டும் செய்வாள். அவள் வாய் திறந்து பேசியது என்று எங்களிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பழைய புரோகிராம் ஒன்றுதான்.

2

அது பிறந்த கதை ஒரு கேஸ் சிலிண்டரில் தொடங்கியது.

நாங்கள் இங்கே வந்த புதிது. ஷைனி எல்.கே.ஜி.யோ யு.கே.ஜி.யோ. ஒருநாள் கேஸ்காரர் கேட்டுக்கு வெளியே நின்று, காலி சிலிண்டர் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். 'காலி சிலிண்டர் உந்தாம்மா?' ஸ்டெல்லா உள்ளேயிருந்து நம் ஊர் வழக்கப்படி, 'உண்டு, உண்டு' என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அவர் வருவார், எடுத்துப் போவார் என்று இவள் இருக்கிறாள். அவர் வெயிலில் நின்றுகொண்டே இருக்கிறார்.

தெலுங்கில் 'உண்டு' என்றால் 'இரு, நில்லு.' அதுவும் மரியாதை இல்லாத நில்லு. சின்னப் பையனிடம், நாய்க்குட்டியிடம் சொல்கிற நில்லு.

கடைசியில் அவர் கத்தியிருக்கிறார். 'ஏந்தம்மா, உண்டு உண்டு அண்ட்டவ்? நேனேமன்னா நீ இண்ட்ல பனிசேஸ்துன்னானா?' உன் வீட்டு வேலைக்காரனா நான் என்று. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து விஷயம் புரிந்து சிரித்தார்கள். நானும் சாயங்காலம் வந்து சிரித்தேன். ஸ்டெல்லா சிரிக்கவில்லை.

'இனி அந்தச் சொல்லே வேண்டாம் எனக்கு' என்றாள்.

சொன்னபடியே செய்தாள். தெலுங்கில் 'உந்தி', தமிழில் 'இருக்கு.' நாகர்கோவில்காரி வாயிலிருந்து 'உண்டு' போவதென்றால் சும்மாவா? சாப்பாடு உண்டுமா, காய்ச்சல் உண்டுமா, பஸ் உண்டுமா என்று நாள் முழுக்க அதிலேயே புழங்கிய வாய் அது. கொஞ்ச நாள் பாதியில் நிறுத்தி விழுங்குவாள். அப்புறம் பழகிவிட்டது. அவளுக்காக நானும் விட்டேன். ஷைனி அந்தச் சொல்லை வீட்டில் கேட்காமலே வளர்ந்தாள். அவளுக்கு அது பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் கிடைத்த தெலுங்குச் சொல் மட்டும்தான்.

ஆனால் முழுசாக விடுவதற்கு முன்னால் ஸ்டெல்லா என்னிடம் ஒன்று கேட்டாள். 'பிள்ளைக்கு நம்ம வார்த்தையெல்லாம் மறந்துபோவும். கம்ப்யூட்டர்ல எதாம் செய்து தாங்களேன்.'

விஷுவல் பேசிக்கில் ஒரு சின்ன ஜன்னல் செய்தேன். வரிசையாகப் பொத்தான்கள், ஒவ்வொன்றிலும் ஒரு தமிழ்ச் சொல். அமுக்கினால் ஸ்டெல்லா அந்தச் சொல்லைச் சொல்லி, கூட ஒரு வாக்கியமும் சொல்வாள். மலிவு மைக் ஒன்றை வாங்கி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்கப் பதிவு செய்தோம். ஷைனி கொஞ்ச நாள் ஆசையாக அமுக்கினாள். பிறகு பள்ளிக்கூடம், டியூஷன், தெலுங்கு, ஹிந்தி. புரோகிராம் ஒரு பழைய சிடியில் தூங்கிப் போயிற்று. அவள் தமிழ் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. அது எனக்கு நெஞ்சில் முள்ளாகவே இருந்தது.

3

ஷைனியின் புது லேப்டாப்பில்தான் ஓட்டவேண்டும் என்றாள். சிடியிலிருந்து கோப்புகளை எடுத்துப் போட்டேன். அவளும் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஐகானைத் தட்டியதும் முதல் எரர். ஒரு துணைக்கோப்பு பதிவாகவில்லை. இது பழைய புரோகிராம்கள் எல்லாவற்றுக்கும் வருகிற ஜலதோஷம் மாதிரி. எழுதிய மெஷினில் இருந்த துணைக்கோப்பு புது மெஷினில் இருக்காது. தேடி எடுத்து, உரிய ஃபோல்டரில் வைத்து, நிர்வாகி உரிமையோடு கட்டளை கொடுத்துப் பதிவு செய்யவேண்டும். குடிபெயர்ந்து வந்தவன் ஆதாரில் முகவரி மாற்றுவதற்கு அலைகிற கதைதான். செய்தேன்.

ஜன்னல் திறந்தது. பொத்தான்கள் எல்லாம் இருந்தன. ஆனால் எழுத்து தமிழில்லை. முதல் பொத்தானில் mk;kh என்று இருந்தது. ஷைனி, 'இதேன்ட்டி டாடி, பாஸ்வர்டா?' என்று சிரித்தாள். யூனிகோட் பரவலாகாத காலத்தில் ஆங்கில எழுத்துக்களின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய எழுத்துருவில் நான் அடித்தவை அவை. எழுத்துரு இல்லாத மெஷினில் போர்வை விலகி உள்ளே இருப்பது தெரிகிறது. எனக்கு அதைப் படிக்க எழுத்துரு தேவையில்லை, விரல்களுக்கே தெரியும். mk;kh என்றால் அம்மா. அமுக்கிப் பார்த்தேன், சத்தம் வரவில்லை.

ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். அம்மா, தண்ணி, தேங்காய், மழை. அவளும் என் பின்னாலேயே சொல்லிப் பார்த்தாள். கடைசி வரிசையில் cz;L என்று ஒரு பொத்தான்.

'இதி?'

'உண்டு' என்றேன்.

அவள் என் தோளில் கை வைத்துக்கொண்டு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. பிறகு மெதுவாகச் சொன்னாள். 'அம்மா நாதோ மாட்லாடின லாஸ்ட் வர்ட் அதே, டாடி.'

அம்மா என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அதுதான் என்றாள்.

எனக்கு அது தெரியாது. அன்றைக்கு நான் ஆஸ்பத்திரி அறையில் இல்லை. அவளே சொன்னாள். அம்மாவின் முகம் சுருங்கியதைப் பார்த்து, 'அம்மா, நொப்பி உந்தா? சிஸ்டர்னி பிலவனா?' என்று கேட்டிருக்கிறாள். வலிக்கிறதா, சிஸ்டரைக் கூப்பிடட்டுமா? அம்மா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்து, 'உண்டு' என்றிருக்கிறாள். அதனால் இவள் எழுந்து போகவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் மேலே வரும்வரை.

'எவரினீ பிலவத்து, நுவ்வு உண்டு அன்னிந்தி டாடி. அந்துகே உன்னா. ப்ரேயர்ல நேனு அதே செப்தா.' யாரையும் கூப்பிடாதே, நீ இரு என்று அம்மா சொன்னாள், அதனால் இருந்தேன், ஜெபத்தில் அதைத்தான் சொல்லப்போகிறேன் என்றாள். இந்த ஒரு வருஷமும் அவள் அதைப் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பிறகு கேட்டாள். 'தமிழ்ல கூடா அதேனா டாடி?' தமிழிலும் அதே அர்த்தம்தானா?

'ஆமாம்' என்றேன்.

லேப்டாப்பை மூடினேன். பாட்டு இன்னும் வரவில்லை, பாதை எங்கோ தப்பாக இருக்கிறது, நாளைக்குப் பார்க்கிறேன் என்றேன். பாட்டு என்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

4

அன்றைக்கு நான் ஏன் அறையில் இல்லை என்றால், கீழே இன்ஷூரன்ஸ் மேசையில் பெயருக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். பாலிசியில் ஸ்டெல்லாவின் பெயரோடு என் பெயர். ஆதாரில் அவள் அப்பாவின் இனிஷியல் மட்டும். 'இண்ட்டிபேரு ஏன்ட்டி சார்?' என்று அந்தப் பையன் திரும்பத் திரும்பக் கேட்டான். குடும்பப் பெயர். எங்கள் பக்கம் அப்படி ஒன்று கிடையாது தம்பி, இது இனிஷியல் என்கிறேன். அவன் திரையில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் சிவப்பு நட்சத்திரம் காட்டுகிறது, மேலே போகவிடவில்லை. பையன் மேல் தப்பில்லை. ஒவ்வொரு ஊரிலும் பெயருக்கு ஒரு தினுசு. இரண்டு பெயரும் ஒரே பெண் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு நான் மேலே ஏறி வந்தபோது ஷைனி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்டெல்லாவுக்கு அதற்குள் நினைவு மங்கிவிட்டது. அன்று சாயங்காலம் போய்விட்டாள்.

அந்தக் கடைசி வாரத்தில் ஸ்டெல்லாவிடமிருந்து தெலுங்கு முழுசாகக் கழன்றுவிட்டது. இங்கே பழகிய பொதுத் தமிழும் கழன்றுவிட்டது. தாகத்துக்கு 'வெள்ளம்' என்று கேட்டாள். சிஸ்டர் என்னிடம் வந்து, 'பேஷண்ட் பெல்லம் அடுகுதுந்தி சார், பெட்டச்சா?' என்றாள். நோயாளி வெல்லம் கேட்கிறார், கொடுக்கலாமா என்று. பெல்லம் இல்லம்மா, தண்ணீர் என்று விளக்கினேன். அந்த நிலையிலும் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. ஸ்டெல்லாவுக்கும் வந்தது.

ஆகவே எனக்குச் சந்தேகமே இல்லை. மகள் வலிக்கிறதா என்று கேட்டாள். அம்மா, ஆமாம், இருக்கிறது என்று சொன்னாள். உண்டு. எத்தனையோ வருஷமாக விழுங்கி வைத்திருந்த சொல், அவளுக்கு அதிகம் தேவைப்பட்ட நேரத்தில் வெளியே வந்தது. அதைக் கேட்க நான் அங்கே இல்லை. கேட்டவளுக்கு அது வேறு மொழி. கேஸ்காரர் நின்ற மாதிரியே என் மகளும் நின்றாள்.

சிஸ்டரைக் கூப்பிட்டிருந்தால் உயிர் நின்றிருக்காது. டாக்டர் முந்தின நாளே எங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். ஆனால் வலிக்கு ஊசி இருந்தது. வலி என்று சொன்னால் உடனே கூப்பிடுங்கள், போடுகிறோம் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அவள் சொன்னாள். சொல்லிவிட்டு, போட வருவார்கள் என்று காத்திருந்திருப்பாள். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மகளை அவள் எப்படிப் பார்த்திருப்பாள்?

5

மறுநாள் ஷைனி சர்ச்சுக்குப் போன நேரத்தில் மறுபடி உட்கார்ந்தேன்.

சத்தம் வராததற்குக் காரணம் அற்பமானது. ஒலிக்கோப்புகள் டி டிரைவில் இருப்பதாக அந்தக் காலத்தில் நேரடியாக எழுதி வைத்திருக்கிறேன். புது லேப்டாப்பில் டி டிரைவே கிடையாது. பாதையை மாற்றினேன். தண்ணி என்ற பொத்தானை அமுக்கினேன். ஒரு கரகரப்பு. பிறகு ஸ்டெல்லா.

அவள் பேசி முடிக்கும்வரை ஜன்னல் உறைந்து நின்றது. நான் எழுதிய லட்சணம் அப்படி. ஒலி முடிந்தால்தான் அடுத்த வேலை. சின்ன ஷைனி பொறுமையில்லாமல் விசைகளைப் போட்டு அடிக்க, மேலே 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வரும். 'அம்மை பேசி முடிக்கட்டும் மக்ளே, அப்புறம் அமுக்கு' என்பாள் ஸ்டெல்லா. நான் இந்தத் தடவை எதையும் அமுக்கவில்லை.

கடைசியில் அந்தப் பொத்தானுக்கு வந்தேன்.

'உண்டு. மக்ளே, தெலுங்குல உண்டுன்னா நில்லுன்னு சொல்லுவாங்க, கேட்டியா? நமக்கு அப்பிடி இல்ல. நமக்கு உண்டுன்னா, இருக்குன்னு. அம்மைக்கு ஆரு உண்டு? அம்மைக்கு ஷைனி உண்டு.'

முடிவில் அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது.

கேஸ்காரரிடம் வாங்கிய பேச்சு தன் பிள்ளைக்கு வரக்கூடாது என்று அன்றைக்கே பாடம் சொல்லி வைத்திருக்கிறாள். நான்தான் பதிவு செய்தேன். ஒரு வார்த்தை நினைவில்லை. அந்த வயதில் அமுக்கிக் கேட்ட ஷைனிக்கும் இருக்காது.

ஷைனி இதைக் கேட்டால் தெரிந்துபோகும். அம்மா நில்லு என்று சொல்லவில்லை, வலிக்கிறது என்று சொன்னாள் என்பது அம்மாவின் வாயாலேயே தெரிந்துபோகும். அதற்கப்புறம் அவள் எப்படித் தூங்குவாள்? கேட்காவிட்டால், அம்மைக்கு ஷைனி உண்டு என்று அம்மா சொன்னதை அவள் இனி இந்த ஜென்மத்தில் கேட்க மாட்டாள். ஒலியை வெட்டிப் பார்த்தேன். முதல் பாதியை எடுத்துவிட்டுக் கடைசி வரியை மட்டும் வைத்தால்? அங்கேயும் அந்தச் சொல் உட்கார்ந்திருக்கிறது. அதை எடுத்தால் மிச்சம் அம்மைக்கு ஷைனி என்று அந்தரத்தில் நிற்கிறது.

பொத்தானையே எடுத்துவிடலாம் என்றால் கை வரவில்லை. எந்தெந்தச் சொல் வேண்டும் என்று ஸ்டெல்லாதான் தேர்ந்தெடுத்தாள்.

ஒலிக்கோப்பை மட்டும் என் பென்டிரைவுக்கு மாற்றிவிட்டு, லேப்டாப்பிலிருந்து அழித்தேன். கோப்பு இல்லை என்றால் எரர் வரும். வந்தால் ஷைனி படிப்பாள், அவள் ஓகே அடிக்கிற ரகமில்லை, என் மகள். எந்தக் கோப்பு, சிடியில் இருக்குமே என்று தேடுவாள். ஆகவே அந்தப் பொத்தானுக்குரிய நிரலில் ஒரு வரி சேர்த்தேன். ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட். தவறு நேர்ந்தால் கண்டுகொள்ளாதே, அடுத்த வரிக்குப் போ என்று அர்த்தம். இந்த வரியை எழுதிய பையன்களை நான் எத்தனை திட்டியிருக்கிறேன்! நோயை மறைக்கிற வேலைடா இது என்று ஒருவனை அழவே வைத்திருக்கிறேன். அதை எழுதினேன். சிடியை உடைத்துப் போட்டேன்.

இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன்? யாரிடமாவது சொல்லியாகவேண்டும். இங்கே சொன்னால் தெலுங்கில் சொல்லவேண்டும், அது அவள் காதுக்குப் போய்விடும். தமிழில் எழுதினால் அவளால் படிக்க முடியாது. அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியவில்லையே என்று உங்களில் எத்தனை பேரிடம் புலம்பியிருக்கிறேன். இன்றைக்கு அந்தக் குறைக்குள்தான் ஒளிந்துகொண்டிருக்கிறேன். ஷைனி லீவுக்கு ஊருக்கு வந்தால், உங்கள் வீட்டில் ஏறினால், சாப்பாடு உண்டு, இரு என்று சொல்லிவிடாதீர்கள். இருக்கு என்று சொல்லுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

6

ஜெபத்துக்கு சர்ச் ஆட்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். எங்கள் இருவரைத் தவிரத் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. ஷைனி லேப்டாப்பை ஸ்பீக்கரில் இணைத்து, ஸ்டெல்லாவின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒவ்வொரு பொத்தானாக அமுக்கினாள். ஒரு சொல்லும் புரியாமலே அத்தனை பேரும் அழுதார்கள்.

கடைசிப் பொத்தானை அமுக்கினாள். ஒன்றும் இல்லை. மறுபடி அமுக்கினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

'இதொக்கட்டே ஒஸ்தலேது டாடி.' இது ஒன்றுதான் வரவில்லை.

'அந்த ஃபைல் கெட்டுப்போச்சு மக்ளே.'

'பரவாலேது' என்றாள். பிறகு எழுந்து நின்று, அம்மா தன்னை நில்லு என்று சொன்னதையும், தான் நின்றதையும் அழாமல் சொன்னாள். எல்லோரும் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன்.

எல்லோரும் போனபிறகு, மடக்கு நாற்காலிகளை அடுக்கக்கூட முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஷைனி டீ டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டே வந்தவள் என் முகத்தைப் பார்த்து நின்றாள். என் கை நெஞ்சில் இருந்திருக்கிறது, எனக்கே தெரியவில்லை.

'ஏமைந்தி டாடி? நொப்பி உந்தா?'

இரண்டு நாளாகக் காதில் கேட்டுக்கொண்டிருந்த சொல்தான் வாயில் வந்தது.

'உண்டு' என்றேன்.

அவள் டம்ளர்களைக் கீழே வைத்தாள். யாரையும் கூப்பிடப் போகவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நெஞ்சிலிருந்த என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

'சரே டாடி, உண்ட்டா' என்றாள். சரி, இருக்கிறேன் என்று.

இருந்தாள்.